விசுவாசத்தினால் ரட்சிப்பு: புதுப் பிரசங்கிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு வாலிபத் தம்பி தன் முதல் பிரசங்கத்துக்கு எழுதிய குறிப்பைக் கொண்டுவந்து காட்டினார். நோட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒரு ஏணி. படிக்கு ஒரு மதத்தின் பெயர். பக்கத்திலேயே மேலிருந்து கீழே தொங்கும் ஒரு கயிறு. அதன் நுனியில் ‘நாம்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். எனக்குப் பகீரென்றது. அந்த ஏணியை நான் வாயாலேயே வரைந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

நான் இறையியல் கல்லூரி பக்கம் போனவன் இல்லை. சபைப் போதகரான ஐயர் வர முடியாத ஞாயிறுகளிலும் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் பேசுகிற சாதாரண சபையான். வசன எண்ணை மாற்றிச் சொல்வது, நேரம் தாண்டுவது இதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

எல்லா மதமும் கிரியை, நம்முடையது மட்டும் கிருபை

தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர். வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தாரையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நெற்றியில் திருமண்ணோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் எபேசியர் 2-ம் அதிகாரத்தை எடுத்தேன். மனுஷன் ரட்சிக்கப்படுவது தன் கிரியையால், அதாவது தான் செய்யும் செயல்களால் அல்ல, கடவுளின் கிருபையால், விசுவாசத்தினால் என்று சொல்லும் அதிகாரம் அது. விரல் விட்டு எண்ணினேன்: மொட்டை, பால்குடம், கிரிவலம், ஏகாதசி விரதம். “இதெல்லாம் மனுஷன் கடவுளிடம் ஏறப் போடுகிற ஏணி. கடவுளே இறங்கி வந்து தூக்குவது நம்மிடம் மட்டும்தான்” என்று முடித்தேன். நாலைந்து ‘ஆமென்’ விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

டீ கொடுக்கும்போது பெரியவர் பக்கத்தில் வந்தார். “தம்பி, உங்க ஆண்டவர் பூனையா, குரங்கா?”

கேலி பண்ணுகிறார் என்று நினைத்து முகத்தைச் சுளித்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம். தாய் வாயால் கவ்விக்கொண்டு போகும். கடவுள் காப்பாற்றுவது எந்த மாதிரி என்பது வைணவத்தில் பெரிய வழக்கு. வடகலையார் குரங்கைச் சொல்வார்கள், தென்கலையார் பூனையை. அவர் தென்கலை. “நாங்க பூனைக்குட்டிங்க தம்பி. நீங்க எங்களை ஏணியில ஏத்திவிட்டுட்டீங்களே. தெரியாம சொன்னீங்களா, தெரிஞ்சே சொன்னீங்களா?”

தெரியாமல்தான் சொன்னேன். அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். தென்கலையாரின் ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார், வடகலையாரின் ஆசாரியர் வேதாந்த தேசிகர் இருவரும் மறைந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான், 1483-ல், விசுவாசத்தினாலே ரட்சிப்பு என்று முழங்கிய சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் பிறக்கிறார். ‘அவனருளாலே அவன்தாள் வணங்கி’ என்று மாணிக்கவாசகர் பாடியது அதற்கும் வெகு காலம் முன்பு. ஜப்பானில் 13-ம் நூற்றாண்டில் ஷின்ரான் என்ற பௌத்தத் துறவி, சுயபலத்தை நம்பாதே, அமிதாப புத்தரின் கருணையை நம்பு என்று கற்பித்தார். இதெல்லாம் இருக்கும்போது ‘எங்களிடம் மட்டும்தான் கிருபை’ என்று மைக்கில் சொல்வது பச்சைப் பொய். பொய் சொல்லிச் சுவிசேஷம் அறிவிக்க முடியாது.

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா என்று அந்தத் தம்பியும் கேட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. கிருபை என்கிற எண்ணம் நமக்கு மட்டும் சொந்தம் என்பது நம் விசுவாசப்பிரமாணத்தில் எங்கேயும் கிடையாது. பொந்தியு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டவர் உயிர்த்தெழுந்தார் என்பதுதான் இருக்கிறது. நம் சாட்சி அந்த ஆளைப் பற்றியது. அதைச் சொல்லுங்கள்; கேட்கிறவர் ஏற்கட்டும், மறுக்கட்டும். அடுத்தவர் வீட்டில் என்ன இல்லை என்று பட்டியல் போடும் வேலை நமக்கு எதற்கு?

எரிச்சல் இன்னும் போகாததற்குக் காரணம், நான் கையில் வைத்திருந்த வசனம். ‘ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல.’ அதை வைத்துக்கொண்டேதான் முக்கால் மணி நேரம் பெருமை பாராட்டியிருக்கிறேன்! ஏணி நம் வீட்டிலும் இருக்கிறது. பரீட்சைக்குப் பொருத்தனை (நேர்த்திக்கடன்) பண்ணுகிறோம், இருபத்தோரு நாள் உபவாசம் இருந்தால் கதவு திறக்கும் என்கிறோம், வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் தவறியதால்தான் கடன் வந்தது என்று வீடு தேடிப் போய்ச் சொல்கிறோம்.

பெரியவர் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. வீட்டுக்காரர் ஒரு தடவைதான் சொன்னார்: “இனிமே பக்கத்து வீட்டுல போய்க் கூப்பிட எனக்கு வாய் வராது அண்ணே.”

‘இது மதமல்ல, மார்க்கம்’

கைத்தட்டல் வாங்கித் தரும் வரி. மார்க்கம் என்றால் வழி. அப்போஸ்தலர் நடபடிகளிலேயே ‘இந்த மார்க்கத்தார்’ என்று வருகிறது, சரி. ஆனால் முஸ்லிம்களும் இஸ்லாத்தை மார்க்கம் என்றுதான் சொல்கிறார்கள். சைவத்தில் தாச மார்க்கம் முதல் சன்மார்க்கம் வரை நான்கு. வார்த்தையை மாற்றியதால் நாம் மதத்துக்கு வெளியே போய்விடவில்லை. கோயில், பாட்டுப்புத்தகம், கல்லறைத் தோட்டம், சபைத் தேர்தல், தேர்தல் சண்டை எல்லாம் வைத்துக்கொண்டு மதமே இல்லை என்றால் யார் நம்புவார்? சுவிட்சர்லாந்து இறையியலாளர் கார்ல் பார்த், மதம் என்பது அவிசுவாசம் என்று எழுதினார். ஆனால் அந்தத் தீர்ப்பு முதலில் விழுவது கிறிஸ்தவர்களாகிய நம் மேல்தான் என்பதையும் சேர்த்தே எழுதினார். நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். யாக்கோபு 1:27-ஐயும் பாருங்கள்: திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பது சுத்தமான பக்தி என்கிறது. பக்தியே வேண்டாம் என்று யாக்கோபு சொல்லவில்லை.

‘கிரியை’யை விளக்காமல் விடுவது

சபைக்கு வெளியே கிரியை என்றால் ஈமக்கிரியை. ‘கிரியையினால் பிரயோஜனமில்லை’ என்று ஒலிபெருக்கியில் கேட்கிறவர், தான் அப்பாவுக்குச் செய்ததைத்தான் பழிக்கிறார்கள் என்று நினைப்பார். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது அவர் முன் இருந்த கேள்வி வேறு: யூதரல்லாதவர் விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் தேவஜனமா? இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

‘மாத்திரம்’ என்று பவுல் எழுதினார் என்பது

எழுதவில்லை. ரோமர் 3:28-ல் ‘விசுவாசத்தினாலே’ என்பதோடு அந்தச் சொல்லை 1522-ல் தன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்த்தவர் லூத்தர். அர்த்தம் அதுதான் என்று பின்னால் வாதாடவும் செய்தார். ‘விசுவாசத்தினாலேமாத்திரமல்ல’ என்று வருவதோ யாக்கோபு 2:24-ல். கேள்வி கேட்கிறவர் அந்த வசனத்தோடுதான் வருவார். தயாராக இருங்கள்.

கத்தோலிக்கரைக் கிரியைக்காரர் என்பது

கத்தோலிக்கரின் பொதுச் சங்கமான திரெந்து சங்கம் 1547-ல் வெளியிட்ட தீர்மானத்தின் முதல் விதியே, கிறிஸ்துவின் கிருபை இல்லாமல் தன் கிரியையால் நீதிமானாகலாம் என்கிறவனைச் சபிக்கிறது. சண்டை வேறு இடத்தில். அதிலும் 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள்.

‘உனக்கு விசுவாசம் போதாது’

நோயாளி வீட்டில் இதைச் சொல்லாதீர்கள். வேறு எங்கேயும் சொல்லாதீர்கள்.

பாதியில் நிறுத்துவது

எபேசியர் 2:9-ல் நிறுத்துகிறார்கள். நற்கிரியை 10-ல் இருக்கிறது. பவுலையும் சீலாவையும் காவலில் வைத்திருந்த பிலிப்பி சிறைச்சாலைக்காரன் கதையிலும் அப்படித்தான், ‘விசுவாசி, அப்பொழுது இரட்சிக்கப்படுவீர்கள்’ என்றதும் பைபிளை மூடிவிடுகிறார்கள். இன்னும் இரண்டு வசனம் போனால், அந்த ராத்திரியிலேயே அவன் கைதிகளின் காயங்களைக் கழுவுகிறான். ஞானஸ்நானம் அதற்கு அப்புறம். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டது அதற்கும் அப்புறம்.