வெள்ளைத் திட்டெல்லாம் நோயா? எலிகளை எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மே மாதம் கடலூரிலிருந்து ஓர் ஆய்வு மாணவி லேப்டாப்போடு புதுச்சேரிக்கு என்னைப் பார்க்க வந்தார். அறுவை செய்து பக்கவாதம் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளின் மூளைப் படங்களைக் காட்டினார். மருந்து கொடுக்காத எலிகளில், சேதத்தைக் காட்டும் வெள்ளைத் திட்டு பெரிதாக இருந்தது, கொடுத்தவற்றில் சிறிதாக இருந்தது. "மருந்து வேலை செய்யுது மேடம்" என்றார். அறுவையின்போதும் ஸ்கேனின்போதும் எலியின் உடல் வெப்பம் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். யாரும் குறித்து வைக்கவில்லை. அந்த ஓர் எண் இல்லாததால், பல மாத உழைப்பு சரியா தவறா என்றே சொல்ல முடியாமல் போனது.

எம்.ஆர்.ஐ. நோயைப் படம் பிடிப்பதில்லை. உடம்பில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைத்தான் பிடிக்கிறது. நோயால் வரும் அதே வெளுப்பு, குளிரால் வரலாம், மயக்க மருந்தால் வரலாம், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினால் வரலாம். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் காந்தத்துக்கு வெளியே, விலங்கின் பக்கத்தில்தான் நடந்திருக்கின்றன.

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். சுண்டெலியின் எடை 25 கிராம் அளவுதான். எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு மிக அதிகம். மயக்கம் கொடுத்து, ஏ.சி. அறையில் படுக்கவைத்தால் சில நிமிடங்களிலேயே உடல் குளிர்ந்துவிடும். குளிர்ந்த திசுவில் நீர் மெதுவாக நகரும், நீரின் நகர்வை அளக்கும் டிஃப்யூஷன் படத்தின் எண்கள் மாறும். இதைவிடப் பெரிய சிக்கல், குளிர்ச்சியே மூளையைக் காப்பாற்றும் என்பது. ஜெர்பில் என்ற பாலைவன எலிகளில் ஒரு மருந்து மூளையைக் காக்கிறது என்று நம்பப்பட்டது. 1990இல் சோதித்துப் பார்த்தபோது, காத்தது மருந்தல்ல, மருந்தால் உடல் குளிர்ந்ததுதான் என்று தெரியவந்தது. அதனால் மயக்கம் கொடுக்கும் நொடியிலிருந்து விழிக்கும்வரை வெந்நீர் ஓடும் மெத்தையோ வெதுவெதுப்பான காற்றோ வேண்டும். உடல் வெப்பத்தை 37 டிகிரியை ஒட்டி வைத்திருங்கள். உலோகம் இல்லாத வெப்பமானியால் அளந்து, ஒவ்வொரு படத்துக்கும் எதிரே அந்த எண்ணை எழுதுங்கள். காந்தத்துக்குள் மட்டும் சூடு வைத்துவிட்டு, அறுவை மேசையில் எலியை நடுங்க விடுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது மயக்க மருந்து. பெரும்பாலும் ஐசோஃப்ளூரேன்தான். மயக்க 3 முதல் 4 சதவீதம், பிறகு 1 முதல் 2 சதவீதம். இது ரத்தக்குழாய்களை விரிக்கும், மூளைக்கு ஓடும் ரத்தம் கூடும். ரத்த ஓட்டத்தையோ மூளையின் செயல்பாட்டையோ அளக்கும் ஆய்வில் இது நேரடியாகக் கைவைக்கிறது. நோயுற்ற எலி சரியாக மூச்சு விடவில்லை என்று பரிதாபப்பட்டு அதற்கு மட்டும் அளவைக் குறைப்பார்கள். அந்த அக்கறை நியாயமானது. ஆனால் அளவைக் குறைத்ததைப் பதிவு செய்யாவிட்டால், கடைசியில் நீங்கள் ஒப்பிடுவது நோயை அல்ல, இரண்டு வகை மயக்கத்தை. ஒரு நாள் ஆக்சிஜனோடும் மறுநாள் சாதாரணக் காற்றோடும் மருந்தைக் கலந்து கொடுப்பதும் இதே வகைத் தவறு.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஸ்கேன் நேரம் சென்னையில் கிடைத்தால், ஈ.சி.ஆர். வழியாக 150 கிலோமீட்டர் எலிகளைக் கொண்டுபோக வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் ஏ.சி. சரியில்லாத வண்டியில் போன எலி, தண்ணீர் வற்றி, மிரண்டு, எடை குறைந்து போய்ச் சேரும். அன்றே ஸ்கேன் எடுத்தால் பயணத்தின் பாதிப்பையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள். அங்குள்ள விலங்குக்கூடத்தில் ஒரு வாரமாவது பழகவிட்டு, எடை பழைய நிலைக்கு வந்ததா என்று பார்த்துவிட்டு எடுங்கள். எலி இரவில் நடமாடும் பிராணி, அதனால் எல்லா எலிகளையும் நாளின் ஒரே வேளையில் எடுப்பதும் நல்லது.

பயணத்துக்குப் பயந்து சிலர் மூளையை மட்டும் எடுத்து ஃபார்மலினில் போட்டுக் கொண்டுபோகிறார்கள். அது நல்ல வழிதான், மணிக்கணக்கில் ஸ்கேன் எடுத்து நுணுக்கமான படம் பெறலாம். ஆனால் ஃபார்மலினில் ஊறிய திசு சுருங்கும், தூண்டிவிட்ட அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும் நேரங்களான டி1, டி2 குறையும், நீரின் நகர்வும் மந்தமாகும். உயிருள்ள எலியின் எண்களோடு இவற்றை ஒரே அட்டவணையில் போடக் கூடாது. எல்லா மூளைகளும் ஒரே அளவு நாட்கள் ஊறியிருக்க வேண்டும். ஸ்கேனுக்கு முன் பஃபர் என்ற உப்புக் கரைசலில் நன்றாக அலசி வைத்தால் டி2 ஓரளவு மீளும்.

இனி நுணுக்கம். மனித மூளை சுமார் 1,400 கிராம், சுண்டெலி மூளை அரை கிராம்கூட வராது. மருத்துவமனையின் 3 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) கருவியில், மனிதத் தலைக்கான காயிலில் (சிக்னலைப் பிடிக்கும் கம்பிச்சுருளில்) சுண்டெலியை வைத்தால் மூளை ஒரு பொட்டாகத் தெரியும். சரி, படத்தின் கட்டங்களைச் சிறிதாக்கினால் போதாதா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால் அதற்குள் இருக்கும் நீர் எட்டில் ஒரு பங்காகிறது, சிக்னலும் அப்படியே குறைகிறது. இழந்ததை மீட்க 64 மடங்கு நேரம் சராசரி எடுக்க வேண்டும். பத்து நிமிட ஸ்கேன் பத்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். அத்தனை நேர மயக்கத்தைத் தாங்குவது எலிக்குக் கடினம். விலங்குகளுக்கென்றே 7, 9.4, 11.7 டெஸ்லா கருவிகள் இருப்பதும், உடலை ஒட்டி உட்காரும் சின்ன காயில்கள் இருப்பதும் இதனால்தான். இருக்கும் கருவிக்கு ஏற்ற கேள்வியைக் கேளுங்கள்: 3 டெஸ்லாவில் ராட் என்ற பெரிய வகை எலியின் கட்டி எவ்வளவு வளர்ந்தது என்று அளக்கலாம், சுண்டெலியின் ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கான மூளைப் பகுதி) அடுக்குகளைத் தேட முடியாது.

நோய்மாதிரியையும், அதாவது மனித நோயைப் போல விலங்கில் உண்டாக்கும் பாதிப்பையும், யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மனித மூளையில் பாதியளவு வெண்பொருள் (நரம்பிழைகள் நிறைந்த பகுதி), சுண்டெலி மூளையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். நரம்பிழைகளின் உறை சேதமாகும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயின் ஆய்வுக்கு, நோயெதிர்ப்பைத் தூண்டி உண்டாக்கும் ஈ.ஏ.ஈ. மாதிரியை உருவாக்கிவிட்டு மூளையை மட்டும் ஸ்கேன் செய்து "ஒன்றும் தெரியவில்லை" என்று சோர்ந்துபோனவர்கள் உண்டு. பல சுண்டெலி வகைகளில் அந்தப் பாதிப்பு பெரும்பாலும் தண்டுவடத்தில்தான் இருக்கும். மூளையில் மயலின் என்ற அந்த உறை உரிவதைப் பார்க்க வேண்டுமென்றால், தீவனத்தில் குப்ரிஸோன் என்ற ரசாயனத்தைக் கலந்து ஐந்தாறு வாரம் கொடுக்கும் மாதிரி பொருத்தம்.

பக்கவாதத்தில் நாள் முக்கியம். டிஃப்யூஷன் படத்தில் சில நிமிடங்களிலேயே மாற்றம் தெரியும். டி2 படத்தில் சில மணி நேரம் ஆகும். முதல் ஓரிரு நாட்களில் மூளை வீங்கியிருப்பதால் திட்டு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். மறுபக்க மூளையோடு ஒப்பிட்டு வீக்கத்தைக் கழிக்காமல் அளவைச் சொல்லக் கூடாது.

செல்கள் எங்கே போகின்றன என்று படத்தில் பார்க்க, இரும்புத் துகள் ஏற்றிய செல்களைச் செலுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: கரும்புள்ளி தெரிவதால் செல் உயிரோடு இருக்கிறது என்று ஆகாது. செல் செத்தபின் அந்த இரும்பை மேக்ரோஃபேஜ்கள் (கழிவை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) விழுங்கிக்கொண்டு அங்கேயே இருக்கும். ரத்தக்கசிவும் அதே கருமையில்தான் தெரியும்.

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். எலியைக் குப்புறப் படுக்கவைத்துவிட்டு, கருவியில் மல்லாந்த நிலை என்று பதிந்துவிட்டேன். இடமும் வலமும் மாறிப்போயின. அறுவை செய்த பக்கம் ஆரோக்கியமாகவும் மறுபக்கம் சேதமாகவும் தெரிய, இரண்டு வாரம் புதுக் கண்டுபிடிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு எலிக்கும் தலையின் வலப்பக்கம் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டுகிறேன். படத்தில் அது பளிச்சென்று தெரியும். காதில் மாட்டும் உலோக அடையாள வில்லையை மட்டும் வைத்துவிடாதீர்கள். அது படத்தையும் கெடுக்கும், காந்தம் இழுத்தால் விலங்கின் காதையும் கிழிக்கும்.

கடைசியாக எண்ணிக்கை. காலையில் நல்ல எலிகள் எல்லாம், மாலையில் நோயுற்றவை எல்லாம் என்று எடுக்காதீர்கள், கருவியும் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. கலந்து எடுங்கள். திட்டின் ஓரத்தைக் கோடிட்டு அளப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. எட்டு எலிகளிலிருந்து தலா ஐந்து படவெட்டுகள் எடுத்துவிட்டு 40 என்று எழுதுகிறார்கள். மாதிரியின் எண்ணிக்கை எட்டுதான். அந்த எட்டு ஏன் போதும் என்பதற்கான கணக்கை, நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழுவுக்கு விண்ணப்பம் எழுதும்போதே போட்டுவிடுங்கள். மயக்கத்தில் எத்தனை எலி இறக்கக்கூடும் என்பதையும் அதே தாளில் சேர்த்து எழுதுங்கள்.