ரோமுக்கு குடும்பமா போறீங்களா, ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும்

போன வருஷம் மே மாசம் நாங்க அஞ்சு பேரு ரோமுக்கு போயிட்டு வந்தோம். நான், வீட்டுக்காரர், பதிமூணு வயசுப் பொண்ணு, ஒம்போது வயசுப் பையன், அப்புறம் முட்டிவலியோட எங்க அத்தை. வந்ததுலேர்ந்து ஆளாளுக்கு "உங்க ப்ளானை அனுப்புங்க"ன்னு கேக்குறாங்க. ப்ளான்னு ஒண்ணு இருந்துச்சு, இவரு எக்செல்ல ஒரு நாளைக்கு நாலு இடம்னு கலர் கலரா போட்டு வச்சிருந்தாரு, அது முதல் நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கே செத்துப்போச்சு. அதுக்கப்புறம் நாங்களா கண்டுபிடிச்ச முறையைத்தான் இங்க எழுதுறேன்: காலைல டிக்கெட் வாங்கிப் பாக்குற ஒரே ஒரு பெரிய இடம், மத்தியானம் ரூமுக்கு வந்து தூக்கம், சாயங்காலம் சும்மா நடை. அவ்ளோதான். ரோம்ல பாதி விஷயம் தெருவுலயே காசில்லாம கிடக்கு, சாயங்கால நடையிலயே அதெல்லாம் வந்துரும்.

முதல்ல விசா. ஷெங்கன் விசாவுக்கு பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடிலேர்ந்தே அப்ளை பண்ணலாம், கடைசி நேரம் வரைக்கும் வச்சுக்காதீங்க, கோடை லீவுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே நாக்கு தள்ளிரும். பெரியவங்களுக்கு ஃபீஸ் 90 யூரோ, ஆறுலேர்ந்து பன்னெண்டு வயசுக்குள்ள இருக்குற பிள்ளைங்களுக்கு 45, ஆறுக்குக் கீழ கிடையாது, இதுக்கு மேல விசா சென்டர்காரங்க சர்வீஸ் சார்ஜ் தனி. டிராவல் இன்சூரன்ஸ் 30,000 யூரோ கவரேஜாவது இருக்கணும். எப்ப போறதுன்னு கேட்டா ஏப்ரல் மே, இல்லன்னா செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஆகஸ்ட் வேணவே வேணாம், வெயிலுக்கு நம்ம பழகினவங்கதான்னாலும் ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோன்னு அவங்களுக்கு பெரிய லீவு, அதை ஒட்டி நிறைய சின்னக் கடைங்க ஷட்டரை இறக்கிட்டு கடற்கரைக்குப் போயிருவாங்க.

ரூம் எடுக்கும்போது எல்லாரும் தெர்மினி ஸ்டேஷன் பக்கத்துல எடுக்கச் சொல்லுவாங்க, விலை கம்மிதான், ஆனா வயசானவங்க கூட வந்தா பிராத்தி ஏரியாவைப் பாருங்க. வாட்டிகனுக்குப் பக்கம், தெரு எல்லாம் சமமா நேரா இருக்கும், பிளாட்ஃபார்ம் அகலம், மெட்ரோ ஏ லைன் பக்கத்துலயே. பழைய ஊர்ப்பகுதி பூரா சாம்பியெத்ரினின்னு கறுப்புக் கல்லை கொழுக்கட்டை அடுக்கின மாதிரி பதிச்சு வச்சிருக்கான், பாக்க அழகு, ஆனா சூட்கேஸ் சக்கரம் உடையும், பேபி ஸ்ட்ரோலர்ல குழந்தை தூங்கவே தூங்காது, அத்தைக்கு முட்டி ரெண்டும் அன்னிக்கு ராத்திரி அழுதுச்சு. ரப்பர் அடி கனமா இருக்குற ஷூ எடுத்துக்கோங்க, புது ஷூ வேணாம். புக் பண்ணும்போது லிஃப்ட் இருக்கான்னு கேளுங்க, இருந்தாலும் ரெண்டு ஆளும் ஒரு பெட்டியும்தான் போற சைஸ்ல இருக்கும். சமையலறை இருக்குற வீடா எடுத்தா ராத்திரி ஒரு ரசம் சாதத்துக்கு வழி பிறக்கும். ஒரு நல்ல சேதி, இத்தாலில வீடுகள்ல பிடே, அதாவது கக்கூஸ் போனப்புறம் உக்காந்து கழுவிக்கிற தொட்டி, கட்டாயம்னு 1975லயே சட்டம் போட்டு வச்சிருக்காங்க, அதனால டிஷ்யூ பேப்பரோட மல்லுக்கட்டுற கவலை பெரும்பாலும் இல்ல. அத்தைக்கு ரோம்ல பிடிச்சது என்னன்னு கேட்டா இன்னிக்கும் இதைத்தான் முதல்ல சொல்றாங்க.

ஃபியூமிச்சினோ ஏர்போர்ட்லேர்ந்து தெர்மினிக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில், 32 நிமிஷம், ஆளுக்கு 14 யூரோ. பழைய மதிலுக்குள்ள எந்த இடத்துக்கும் வெள்ளைக் கலர் டாக்ஸிக்கு ஒரே ரேட்டுதான், நாங்க போனப்ப 55 யூரோ. ஆக நாலு பேரு இருந்தீங்கன்னா டாக்ஸிதான் லாபம், வாசல்லயே இறக்கி விடுவான். அஞ்சு பேர்னா பெரிய வண்டி வேணும்னு வரிசைலயே கேட்டுருங்க. உள்ள டாக்ஸி டாக்ஸின்னு கூப்பிட்டுட்டு கூடவே வர்றவங்களைக் கண்டுக்காதீங்க.

இப்ப கொலோசியம். இது ஒண்ணுதான் கட்டாயம் முன்னாடியே டிக்கெட் எடுக்க வேண்டியது, போற தேதிக்கு ஒரு மாசம் முன்னாடி அவங்க சொந்த வெப்சைட்ல திறக்கும், அலாரம் வச்சு எடுங்க. பெரியவங்களுக்கு 18 யூரோ, 18 வயசுக்குக் கீழ இலவசம். இங்கதான் நாங்க மாட்டினோம். இலவசம்தானேன்னு பிள்ளைங்களுக்கு டிக்கெட்டே போடாம போயிட்டோம், கேட்ல நிறுத்திட்டாங்க, இலவசமா இருந்தாலும் பிள்ளைங்க பேருலயும் பூஜ்ஜியம் யூரோ டிக்கெட் எடுத்திருக்கணுமாம், நானும் அத்தையும் உள்ள, இவரு பிள்ளைங்களோட வெளில கவுன்ட்டர் வரிசைல, முக்கால் மணி நேரம் போச்சு. டிக்கெட்ல இருக்குற பேரும் பாஸ்போர்ட்ல இருக்குற பேரும் ஒண்ணா இருக்கணும், நம்ம இனிஷியல் குழப்பம் தெரியும்ல, பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே அடிங்க, பாஸ்போர்ட்டையும் கையில வச்சுக்கோங்க. இன்னொரு விஷயம், அந்த டிக்கெட் 24 மணி நேரம் செல்லும், பக்கத்துலயே பழைய ரோமோட நடு ஊர் இடிஞ்சு கிடக்குற ஃபோரமும், அதை ஒட்டின பாலடைன் குன்றும் அதுலயே சேத்தி. அதனால முந்தின நாள் சாயங்காலம் கொலோசியம், மறுநாள் காலைல ஃபோரம்னு பிரிச்சுக்கலாம். ரெண்டையும் ஒரே மூச்சுல பாக்காதீங்க, ஃபோரம்ல நிழலே கிடையாது.

உள்ள போனதும் பிள்ளைங்களுக்கு வரலாறு சொல்ல ஆரம்பிச்சா ஓடிருவாங்க. பதிலா ஒரு வேலை குடுங்க. வெளி வளைவுகள் மேல ரோமன் எண்ல கேட் நம்பர் செதுக்கியிருக்கும், மொத்தம் எண்பது வாசல், நம்ம மேட்ச் டிக்கெட் மாதிரி அந்தக் காலத்துல அவங்க டிக்கெட்லயும் எந்த வாசல்னு இருக்கும், இப்ப 23லேர்ந்து 54 வரைக்கும்தான் நம்பர் மிச்சம் இருக்கு. எங்க பையன் அண்ணாந்து பாத்துட்டே "அம்மா, தப்பா எழுதியிருக்காங்க"ன்னான். பாத்தா ஸ்கூல்ல சொல்லித்தர்ற மாதிரி ஐ பக்கத்துல வி போடாம நாலுக்கு நாலு கோடா இழுத்து வச்சிருக்கான். தப்பு இல்லடா, அவங்க கண்டுபிடிச்ச நம்பரை அவங்க எப்படி வேணா எழுதுவாங்கன்னு இவரு சொன்னாரு. அதுலேர்ந்து அரை மணி நேரம் பையன் எல்லா வாசலையும் படிச்சுட்டே சுத்துனான், 44ஐ இன்னும் வேடிக்கையா எழுதியிருக்கும், தேடச் சொல்லுங்க. கி.பி. 80ல திறந்த கட்டடம், மேல வெயிலுக்கு துணிப்பந்தல் இழுத்துக் கட்டுவாங்களாம், கயிறு இழுக்க கடற்படை ஆளுங்களாம். அத்தை "அப்ப நம்ம கல்யாணப் பந்தலுக்கு இவன்தான் முன்னோடியா"ன்னு கேட்டாங்க.

ஃபோரம்ல எனக்கு ரொம்ப பிடிச்சது மக்சென்டியஸ் பசிலிக்காங்கிற பழைய மண்டபம், மூணு பெரிய வளைவு மட்டும் நிக்கும். அதுக்குக் கீழ, அது கட்டுறதுக்கு முன்னாடி, டொமிஷியன் சக்கரவர்த்தி கட்டின மிளகுக் கிடங்கு இருந்துச்சு. அந்தக் கால சேர நாட்டு முசிறி துறைமுகத்துலேர்ந்து கப்பல் ஏறின மிளகு வந்து சேர்ந்த ஊர் இது, பதிலுக்கு வந்த ரோமானியக் காசைத்தான் கோயமுத்தூர்ப் பக்கம் பானை பானையா தோண்டி எடுத்திருக்காங்க. இதை அங்க நின்னுட்டு சொன்னா பொண்ணு முதல் தடவையா போனைக் கீழ வச்சா.

வாட்டிகன் மியூசியம் பத்தி என் கருத்து பலருக்கு பிடிக்காது. பத்து வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா எல்லாரும் போகாதீங்க. சிஸ்டைன் சேப்பலைப் பாக்க நீள நீளமான ஹால் ஹாலா கூட்டத்தோட கூட்டமா நகரணும், கடைசில போட்டோவும் எடுக்க விடமாட்டாங்க, பேசவும் விடமாட்டாங்க. மைக்கேலாஞ்சலோ 1508லேர்ந்து 1512 வரைக்கும் அண்ணாந்தே வரைஞ்ச கூரை அது, படம் வரையுற எங்க பொண்ணுக்கு அது சொர்க்கம், பையனுக்கு நரகம். அதனால இவரும் பொண்ணும் மியூசியம், நானும் அத்தையும் பையனும் செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கம்னு பிரிஞ்சுக்கிட்டோம். ஒரு குடும்பமா வந்தா எல்லாரும் எல்லாத்தையும் சேந்துதான் பாக்கணும்னு ஒண்ணும் இல்லையே. சதுக்கத்துல பெர்னினி கட்டின தூண் வரிசை இருக்கு, 284 தூணு, நாலு வரிசை. தரைல வட்டமா ஒரு கல் பதிச்சிருக்கும், அதைத் தேடி அது மேல நின்னு பாத்தா நாலு வரிசையும் மறைஞ்சு ஒரே வரிசையா தெரியும், ஒரு அடி நகர்ந்தா மறுபடி நாலாகிரும். பையன் ஏறி இறங்கி ஏறி இறங்கி பாத்துட்டே இருந்தான், காசு செலவில்லாத மேஜிக்.

சதுக்கத்துல இருக்குற செயின்ட் பீட்டர்ஸ் பசிலிக்கா, அதாவது அந்தப் பெரிய சர்ச், உள்ள போக டிக்கெட் இல்ல, செக்யூரிட்டி வரிசை மட்டும்தான், விடியக்காலைல போனா சுலபம். தோளும் முட்டியும் மூடியிருக்கணும், புடவை சுடிதார்க்கு பிரச்சினையே இல்ல, ஷார்ட்ஸ் போட்ட ஆம்பளைங்களைத்தான் திருப்பி அனுப்புறாங்க. புதன்கிழமை காலைல போப் மக்களைச் சந்திக்கிற நாள், கூட்டம் தாங்காது, அன்னிக்கு வேற இடம் பாருங்க. கோபுரத்துக்கு மேல 551 படி, லிஃப்ட் எடுத்தாலும் 320 படி ஏறியே ஆகணும், லிஃப்ட்னு போர்டைப் பாத்து பெரியவங்களைக் கூட்டிட்டுப் போயிராதீங்க.

அடுத்து பாந்தியன், பழைய ரோமானியக் கோயில், நாங்க போனப்ப 5 யூரோ, பிள்ளைங்களுக்கு இலவசம். கிட்டத்தட்ட 1900 வருஷத்துக் கட்டடம், கூரை நடுவுல பெரிய வட்ட ஓட்டை, கண்ணாடி கிண்ணாடி ஒண்ணும் இல்ல, மழை பெஞ்சா நேரா உள்ள விழும், தரைல சின்னச் சின்ன துளை போட்டு தண்ணி வடிய விட்டிருக்கான். அத்தை காரைக்குடிக்காரங்க, ஒரு நிமிஷம் பாத்துட்டு "நம்ம வீட்டு முற்றம்தாண்டி இது, கொஞ்சம் உயரம் ஜாஸ்தி"ன்னாங்க. மழை வர்ற மாதிரி இருந்தா ஓடி ஒளியாதீங்க, பாந்தியனுக்கு ஓடுங்க.

தண்ணி பாட்டில் காசு குடுத்து வாங்கவே வாங்காதீங்க. தெருவுக்குத் தெரு நசோனின்னு இரும்புக் குழாய், பெரிய மூக்கு மாதிரி வளைஞ்சிருக்கும், தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், குடிக்கிற தண்ணிதான், ஜில்லுன்னு இருக்கும். மூக்கோட வாயை விரலால அடைச்சா மேல இருக்குற சின்ன ஓட்டை வழியா தண்ணி வில்லு மாதிரி பீச்சும், குனியாம குடிக்கலாம். பையன் இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு மூணு சட்டை மாத்தினோம்.

சாப்பாடு, குறிப்பா சைவக்காரங்களுக்கு. கார்போனாரா, அமத்ரிச்சானான்னு ரெண்டு பாஸ்தாலயும் பன்னிக்கறி இருக்கும். காசியோ எ பெப்பே பாஸ்தா சீஸும் மிளகும் மட்டும், ஆனா பெக்கொரினோ சீஸ் உறைய வைக்க ஆட்டுக்குட்டி வயித்துலேர்ந்து எடுத்ததைப் போடுவாங்க, அதைப் பாக்குறவங்க பீட்சா மரினாராவுக்குப் போயிருங்க, சீஸே இல்ல, தக்காளி பூண்டு மட்டும். சுப்ளின்னு உருண்டையா பொரிச்சு விப்பாங்க, போண்டான்னு நெனச்சு கடிச்சா உள்ள கறி இருக்கலாம், கேட்டுட்டு வாங்குங்க. "சென்சா கார்னே, சென்சா பெஷே", அதாவது கறி வேணாம் மீன் வேணாம், இந்த ரெண்டையும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, ஏன்னா நெத்திலி மீனை அவங்க காய்கறிக் கணக்குல போட்டுருவாங்க போல. பீட்சா அல் தாலியோ கடைல பெரிய தட்டுலேர்ந்து எவ்ளோ வேணும்னு கைல காட்டினா வெட்டி எடை போட்டுத் தருவாங்க, பிள்ளைங்களுக்கு அதுதான் சரி, ஏன்னா நல்ல ஹோட்டல் எல்லாம் ராத்திரி ஏழு ஏழரைக்குத்தான் திறக்கும், நம்ம பிள்ளைங்களுக்கு ஆறு மணிக்கே பசிக்கும். காபி நின்னு குடிச்சா ஒரு விலை, உக்காந்து குடிச்சா வேற விலை. கறிவேப்பிலை, பச்சைமிளகா, அரிசி வேணும்னா பியாத்சா விட்டோரியோ பக்கத்துல எஸ்குயிலினோ மார்க்கெட், பங்களாதேஷ்காரங்க கடை நிறைய.

பஸ், மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிஷம் செல்லும், பத்து வயசுக்குக் கீழ இலவசம். கார்டைத் தட்டியும் போகலாம், ஆனா ஆளுக்கு ஒரு கார்டு வேணும், குடும்பத்துக்கே ஒரு கார்டுன்னா நடக்காது, டி-ன்னு போர்டு போட்ட புகையிலைக் கடைல பேப்பர் டிக்கெட் வாங்கி வச்சுக்கோங்க, ஏறினதும் மெஷின்ல குத்திருங்க. 64ஆம் நம்பர் பஸ்லயும் மெட்ரோலயும் பர்ஸை முன்னாடி வச்சுக்கோங்க. கைல கயிறு கட்டி விட வர்றவன், ரோஜாப்பூ குடுக்குறவன், பழைய ரோமானிய வீரன் வேஷத்துல கத்தியோட போட்டோவுக்கு நிக்கிறவன், எல்லாம் இலவசம்னு ஆரம்பிச்சு காசுல முடியும். அடிக்கடி ஸ்ட்ரைக் வரும், ஷொப்பெரோன்னு ஒட்டியிருந்தா அதுதான், அன்னிக்கும் காலைல எட்டரை வரைக்கும் சாயங்காலம் அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் வண்டி ஓடும், அதுக்கேத்த மாதிரி மாத்திக்கோங்க.

அஞ்சாவது நாள் இருந்தா, எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச ஊரான பாம்பேய் போகாதீங்க, ரயில் மாறி ரயில் மாறி பெரியவங்களுக்கு தாங்காது. பிரமீதே மெட்ரோ பக்கத்து ஸ்டேஷன்லேர்ந்து அதே ஒன்னரை யூரோ டிக்கெட்ல அரை மணில ஓஸ்தியா அந்திகா, பழைய துறைமுக ஊரு, திங்கக்கிழமை லீவு. மாவு அரைக்கிற கல்லு, கடை வாசல் மொசைக், வரிசையா உக்கார்ற பொதுக் கக்கூஸ் எல்லாம் அப்படியே இருக்கு. நடுவுல தடுப்பே கிடையாது, பையன் அதுல உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டான், பக்கத்துல அத்தையையும் உக்கார வச்சு.

கிளம்புற அன்னிக்கு ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, ஊர் வரின்னு தனியா கேப்பாங்க, புக்கிங் காசுல அது சேராது. மூணு ஸ்டார் ஹோட்டல்னா ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 6 யூரோ, பத்து வயசுக்குக் கீழ கிடையாது. எங்க நாலு பேருக்கு அஞ்சு ராத்திரி 120 யூரோ ஆச்சு, அதையும் நோட்டாத்தான் வேணும்னு நின்னாங்க. காலைல ஆறு மணிக்கு இவரு ஏடிஎம் தேடி ஓடினாரு, டாக்ஸிக்காரர் கீழ ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தாரு.