இடைக்கால ஓவியமா, மறுமலர்ச்சி ஓவியமா? ஒரு ஸ்கேல் போதும்

மொபைலில் இரண்டு படங்களைத் தேடித் திறந்துகொள்ளுங்கள்: 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலிய ஓவியர் சிமாபுவே வரைந்த மாதா (இது இடைக்காலம்), 1427 வாக்கில் மசாச்சோ ஃபுளோரன்ஸ் தேவாலயச் சுவரில் தீட்டிய திரித்துவம், அதாவது பிதா, மகன், தூய ஆவி மூவரும் உள்ள படம் (இது மறுமலர்ச்சி). முதலில் பின்னணியைப் பாருங்கள். சிமாபுவேயிடம் வெறும் தங்க ரேக்குதான், வானமும் இல்லை சுவரும் இல்லை, தேவதூதர்கள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக அடுக்கி நிற்கிறார்கள், முக்கியமானவர் என்பதால் மாதாவின் உருவம்தான் எல்லாரையும் விடப் பெரிது. சரி, இப்போது ஸ்கேலை எடுத்து மசாச்சோவின் வளைகூரைக் கோடுகளை அப்படியே கீழே நீட்டுங்கள். சிலுவையின் அடியில், ஏறக்குறைய பார்ப்பவரின் கண் மட்டத்தில், ஒரே புள்ளியில் போய்ச் சேரும்; தட்டைச் சுவரில் ஆழம் தெரிவது இதனால்தான். அப்புறம் ஓரத்தைப் பாருங்கள். வரையப் பணம் கொடுத்தவர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள், அவர்களும் புனிதர்கள் அளவுக்கே! எனக்கென்னவோ அந்தப் புள்ளியை விட இதுதான் பெரிய மாற்றம்.