வந்து வந்து போகும் மிஸ்ஸிங்: பழைய எம்பிஎஃப்ஐ காரில் பிடிப்பது எப்படி

எம்பிஎஃப்ஐ என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் பீச்சும் இன்ஜின். அதில் எந்நேரமும் மிஸ் அடிக்கிற, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் உதறுகிற காரைச் சரிசெய்வது சுலபம். பட்டறைக்கு வந்து நின்றாலும் அடிக்கும், கண் முன்னாலேயே பார்த்துவிடலாம். காரிமங்கலத்தில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் பலர் சொல்வது வேறு மாதிரி: "ணா, நேத்து பாலக்கோட்டுல இருந்து வரும்போது வண்டி உதறுச்சு. இப்ப பாருங்க, ஒண்ணுமே இல்ல." இப்படிப்பட்ட கார்களுக்குத்தான் பிளக், காயில் (பிளக்குக்கு வோல்டேஜ் தருவது), பம்ப், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரைகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோளாறு வந்திருக்கும் நேரத்தில் சோதிக்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. பழைய கார் வைத்திருக்கும் எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்.

முதலில் வண்டியில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். உதறல் வந்ததும் ஓரமாக நிறுத்தி எழுதுங்கள்: இன்ஜின் சூடாக இருந்ததா, அப்போதுதான் ஸ்டார்ட் செய்ததா? ஐடிலிங்கிலா, ஓட்டத்திலா, ஏற்றத்திலா? மழையா? ஏசி ஓடியதா? டேங்கில் பெட்ரோல் எவ்வளவு? வண்டியில் எத்தனை பேர்? பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வந்ததா? ஒரு வாரம் எழுதினால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

ஏற்றத்தில் மட்டும் வருகிறது என்று எழுதியிருந்தால் அதில் நிறைய விஷயம் இருக்கிறது. சமதளத்தில் ஓடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, நொந்துபோன பிளக் வயர்கூடப் பொறியைத் தாண்டவிடும். ஆள் ஏற்றிக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்து ஏறும்போது அழுத்தம் கூடும். பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். அப்போது அது வயரின் வெடிப்பு வழியாக வெளியே ஓடிவிடும். இப்படிப் பொறி தவறினால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், காலை எடுத்ததும் சரியாகிவிடும். பெட்ரோல் பற்றாமல் போனால் அப்படி இருக்காது. பிக்கப் மெல்ல மெல்ல வடியும், எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து சோரும். ஃபில்டர் அடைப்பு, பம்ப் தளர்ச்சி இரண்டும் இந்த வகை. இந்த வித்தியாசத்தைக் காலால் உணரப் பழகுங்கள், எந்தப் பக்கம் தேடுவது என்று அதுவே சொல்லிவிடும்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று தொப்பூர் கணவாய்க்குப் போகாதீர்கள். லாரிகள் நிறைந்த அந்தச் சாலையில் நடுவழியில் வண்டி நின்றால் உயிருக்கே ஆபத்து. ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஏறும் சாலையில் பகல் நேரத்தில், போக்குவரத்து குறைவாக இருக்கும்போது, ஓரம் ஒதுங்க இடம் பார்த்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

பொறிதான் சந்தேகம் என்றால், இருட்டில் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது பிளக் வயர்கள்மேல் பூச்செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயால் லேசாகத் தண்ணீர் அடியுங்கள். வெடித்த இடத்தில் நீலப் பொறி துள்ளும். கையை வயர் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, உதறல் இருக்கும்போதே இன்ஜெக்டர் கப்ளர்களை (வயர் சொருகும் இணைப்புகளை) ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றியதும் இன்ஜின் இன்னும் மோசமாக ஆடினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எதைக் கழற்றியும் மாற்றம் இல்லையோ, அதுதான் குற்றவாளி. ஓடும் இன்ஜினில் பிளக் வயரைப் பிடுங்குகிற பழைய வழக்கம் இந்த வண்டிகளுக்கு ஆகாது. ஷாக் அடிக்கும், காயில் போகும், எரியாத பெட்ரோல் போய், சைலன்சர் லைனில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

நான்கு சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் 1, 4 இரண்டுக்கும் ஒரு காயில், 2, 3 இரண்டுக்கும் ஒரு காயில். ஜோடியாக இரண்டும் சோர்ந்தால் காயில் அல்லது அதன் கப்ளர். ஒன்று மட்டும் என்றால் பிளக், வயர், இன்ஜெக்டர். அப்புறம் இடம் மாற்றிப் பாருங்கள்: 2ஆம் சிலிண்டர் பிளக்கை 3க்கும், 3இன் பிளக்கை 2க்கும் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் பிளக்தான். இன்ஜெக்டரையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இது. இதைவிட நம்பகமானது எனக்குத் தெரியாது.

பள்ளத்தில் இறங்கினால் வருகிறது என்றால் வயரிங். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு ஒவ்வொரு கப்ளரையும் மெல்ல அசையுங்கள். நம் பக்கம் மாந்தோப்பில் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த வயர் அடிக்கடி கிடைக்கிறது. மேலே டேப் முழுசாகத் தெரியும், அடியில் செம்பு தெரியும். பாடி எர்த்தையும் (இன்ஜினையும் பாடியையும் பேட்டரி நெகட்டிவோடு இணைக்கும் வயரையும்) பாருங்கள். இன்ஜின் ஓட, ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டரில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் வயரைக் கழற்றி உப்புத் தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8இலிருந்து 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

ஐடிலிங்கில் மட்டும் ஏறி இறங்கினால் த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் காற்றை அளந்து விடும் பாகம்) அழுக்கு அல்லது வெடித்த வேக்கம் டியூப். டியூப்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். சூடானதும் திடீரென்று நின்று, அரை மணி ஆறியதும் ஸ்டார்ட் ஆனால், இன்ஜின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். சூடானபின் கரும்புகையோடு ஆடினால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். பல கார்களில் அது 20 டிகிரியில் 2, 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்குக் காட்டும்.

ஸ்கேனர் பற்றி ஒரு வார்த்தை. வண்டியின் கணினி தன் கோளாறைத் தானே கண்டு சொல்லும் ஓபிடி-2 முறை இந்தியாவில் கட்டாயமானது 2013இல். அதற்கு முந்தைய பல கார்களில் மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் பேசாது. பேசினாலும் அது காட்டும் கோளாறு எண்ணை அப்படியே நம்பாதீர்கள். மிஸ் அடிக்கும் சிலிண்டரில் எரியாத காற்று வெளியேறுவதால் ஆக்ஸிஜன் சென்சார் "பெட்ரோல் குறைவு" என்று சொல்லும். சென்சார் நல்லாத்தான் இருக்கும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். அது தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பர் டியூப்களையும் பதம் பார்க்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டி, அதுவும் டேங்க் அடிமட்டத்தில் இருக்கும்போது உதறினால், டேங்க்கின் அடிப் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துச் சிறிது நேரம் வையுங்கள். தண்ணீர் அதிகமாக இருந்தால் அடியில் தனியாக நிற்கும். பெட்ரோல் டியூபைக் கழற்றும் முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். லைனில் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் இருக்கும், சூடான இன்ஜின்மேல் பீச்சினால் தீப்பிடிக்கும்.

ஒரு பாகத்தை மாற்றியதும் உடனே அடுத்ததைத் தொடாதீர்கள். நோட்டை எடுங்கள். அதில் எழுதியிருக்கிற அதே சூடு, அதே ஏற்றம், அதே ஆள் கணக்கில் ஓட்டுங்கள். பழைய பாகத்தை அதுவரை தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்திருங்கள்.