கன்சோல் விற்கவில்லையா? விலையில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

வீடியோ கேம் ஆடும் பெட்டியான கன்சோலின் விற்பனை படுத்துவிட்டது என்றாலே எல்லோரும் சொல்வது ஒன்றுதான், விலையைக் குறை. குறைக்கலாம், தப்பில்லை. ஆனால் அடுத்த நாலைந்து மாதத்தில் எந்த கேம் வரப்போகிறது, அதற்காகவே ஒருவர் இந்தப் பெட்டியை வாங்குவாரா என்று கேட்டால் உங்களால் பெயர் சொல்லிப் பதில் தர முடிய வேண்டும். முடியாவிட்டால் விலையைத் தொடாதீர்கள் என்பதே என் கட்சி.

முதல் வேலை, மக்கள் ஏன் வாங்கவில்லை என்று கண்டுபிடிப்பது. ஜப்பானிய கேம் கம்பெனியான நிண்டெண்டோவின் வீ யூ கன்சோல் 2012 நவம்பரில் வந்தபோது ஏகப்பட்ட பேர் அதைப் புதுக் கன்சோல் என்றே நினைக்கவில்லை, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வீ கன்சோலோடு சேர்த்துக்கொள்ளும் டேப்லெட் என்று நினைத்துவிட்டார்கள், அப்படி நினைத்தவருக்கு 50 டாலர் குறைத்தால் என்ன, 100 டாலர் குறைத்தால் என்ன? அடுத்த வருஷம் செப்டம்பரில் அமெரிக்காவில் 350 டாலர் செட்டை 300-க்கு இறக்கியும் பார்த்தார்கள். கடைசிவரை உலகம் முழுக்க விற்றது 1 கோடியே 36 லட்சம்கூட இல்லை. அதற்கு முந்தைய வீ 10 கோடியைத் தாண்டியது.

விலைதான் தடை என்றால் அது பளிச்சென்று தெரியும். 2013-இல் சோனியின் பிளேஸ்டேஷன் 4-இன் விலை 399 டாலர், போட்டியாக வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர், அதோடு வேண்டாம் என்றாலும் தலையில் கட்டப்பட்ட, ஆடுபவரின் அசைவைக் கவனிக்கும் கினெக்ட் கேமரா. 2014 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கேமராவைக் கழற்றிவிட்டு 399-க்குக் கொடுத்தது. உங்கள் பெட்டியிலும் அப்படி எடுத்துவிடக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் கணக்கு. ஒரு பேச்சுக்கு, விலையை இறக்கிய பிறகு ஒரு பெட்டிக்கு 40 டாலர் நஷ்டம், விற்கும் ஒவ்வொரு கேமிலும் உங்களுக்கு 8 டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் ஐந்து கேம் வாங்கினால்தான் அந்தப் பெட்டி கடன் தீர்க்கும், ஆறாவதிலிருந்துதான் லாபம். வெளியே ஐந்து நல்ல கேம்கூட இல்லையென்றால், எத்தனை பெட்டி கூடுதலாக விற்கிறதோ அத்தனை கூடுதல் நஷ்டம்.

குறைக்க முடிவு செய்துவிட்டீர்களா, நிண்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான 3டிஎஸ் கதையை வரி விடாமல் படியுங்கள். 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்தது, ஏப்ரல் முதல் ஜூன் வரை உலகம் முழுக்க விற்றது வெறும் 7 லட்சத்துச் சொச்சம். ஜூலை கடைசியில் அறிவித்து, இரண்டே வாரத்தில் ஒரே வெட்டாக 15,000 யென்னுக்கு இறக்கினார்கள். ஆயிரம் ஆயிரமாகக் குறைத்திருந்தால் இன்னும் குறையும் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள், அதனால்தான் ஒரே வெட்டு முக்கியம். முதலிலேயே முழு விலை கொடுத்தவர்களை அம்போவென்று விடாமல் அவர்களுக்கு 20 பழைய கேம்களை இலவசமாகத் தந்தார்கள், தலைவர் சதோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். நவம்பரில் சூப்பர் மாரியோ 3டி லேண்ட், டிசம்பரில் மாரியோ கார்ட் 7. விலை இறங்கியதும் கேம் வந்ததும் கைகோத்து நடந்ததால்தான் அது பிழைத்தது, மொத்தத்தில் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. அந்த நிதியாண்டில் கம்பெனி நஷ்டக் கணக்கு காட்டியது, அதைத் தாங்கும் கையிருப்பு அவர்களிடம் இருந்தது.

இன்னொரு ஜப்பானிய கம்பெனியான சேகாவிடம் அந்தக் கையிருப்பு இல்லை. அவர்களுடைய டிரீம்காஸ்ட் கன்சோலுக்கு அருமையான கேம்கள் இருந்தன, 2000-இல் அமெரிக்க விலையை 199-இலிருந்து 149 டாலருக்கு இறக்கினார்கள், ஆனாலும் பிளேஸ்டேஷன் 2 வந்து நின்றபோது தாக்குப்பிடிக்கப் பணமில்லை, 2001 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். எத்தனை மாத நஷ்டத்தைத் தாங்க முடியும் என்று கணக்குப் பிரிவிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேம் வர இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றால்? விலையை அப்படியே விட்டுவிட்டு, இருப்பதில் நல்ல கேம் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே போட்டு விற்றுக்கொண்டிருங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், இறக்கிய விலையை மறுபடி ஏற்றுவது பெரும்பாடு.