பழகுகிறவனின் கேமில் உறுத்தும் படம்: கருத்துச் சொல்லும்போது நாம் விடும் பிழைகள்

அக்காவின் மகனுக்குப் பதினேழு வயது. வெள்ளவத்தைத் தொடர்மாடி, உயர்தர ரியூஷன், மிச்ச நேரத்தில் கோடோ என்ற இலவச மென்பொருளில் கேம் செய்து பழகுகிறான். போன மாதம் லப்டொப்போடு வந்து, "மாமா, ஒருக்கா விளையாடிப் பாருங்கோ" என்றான். காலிமுகத்திடலில் ஒரு பெடியன் ஓடுகிறான், கிடக்கும் சில்லுகளை, அதாவது சக்கரங்களை, மிதித்து உடைத்துப் புள்ளி சேர்க்கிறான், எதிரே வரும் கள்ளனின் தலையில் குதிக்கிறான். கள்ளன் கன்னங்கரேல் என்று இருந்தான். மடித்துக் கட்டிய சாரம், தலையில் துண்டு, பிதுங்கிய பல்.

"என்னடா, தேயிலைத் தோட்டத்து ஆக்களைக் கள்ளராக்கி வைச்சிருக்கிறாய்? இவ்வளவு கொழுப்பா?" என்றேன். அவன் முகம் கறுத்துவிட்டது. அதன்பிறகு நான் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

படத்தைப் பற்றிப் பேச வந்து ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னதுதான் முதல் பிழை. பழகுகிறவர்கள் யோசித்து வரைவதில்லை, கண்டது கைக்கு வருகிறது. இவன் கண்டது சினிமாவின் நகைச்சுவைக் காட்சிகளை. கெட்ட எண்ணம் இல்லை என்பதால் படம் சரியாகிவிடாதுதான். ஆனால் எண்ணமே கெட்டது என்று நாம் முடிவுகட்டினால், அவன் படத்தை விட்டுவிட்டுத் தன்னைக் காப்பாற்றத் தொடங்குவான்.

இரண்டு நாள் கழித்து வேறு விதமாகக் கேட்டேன்: "பார்த்த உடனே இவன் கள்ளன் என்று எப்பிடித் தெரியும்?"

"கறுப்பு, சாரம், பிறகு..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "மாக்கற்றில மூட்டை தூக்கிற ஐயாவும் இப்பிடித்தானே மாமா இருப்பார்."

அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேச்சு வேலைக்குத் திரும்பியது. விரல் உயரம்கூட இல்லாத உருவத்தில் நிறத்தையும் உடையையும் விட நடைதான் ஆளைக் காட்டும். பதுங்கிப் பதுங்கி நடப்பது, இரண்டு அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, தோளில் பொருந்தாத பெரிய பை. உறுத்திய படம் சோம்பேறித்தனமான படமும்தான் என்று காட்டிவிட்டால், திருத்துவது அவனுக்குத் தண்டனையாகத் தெரியாது.

எல்லாவற்றையும் இப்படிச் சுற்றிக் கேட்கவும் கூடாது. அவன் இணையத்தில் எடுத்த அந்தச் சில்லுக்கு எட்டு ஆரம். பார்த்தால் பௌத்தர்கள் புனிதமாகக் கருதும் தர்மசக்கரம், அதைக் காலால் உடைக்கிறான். 2019 மே மாதம் ஹசலக்கவில் கப்பல் சுக்கான் சில்லுப் படம் போட்ட உடை அணிந்த பெண்ணை, அது தர்மசக்கரம் என்று நினைத்துக் கைது செய்து இரண்டு வாரத்துக்கு மேல் அடைத்து வைத்த நாடு இது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பக்கத்து வீட்டு சிங்களப் பெடியன் இதைத்தான் முதலில் விளையாடப் போகிறான். இங்கே "மாற்று, காரணம் இதுதான்" என்று நேராகச் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் "சூப்பர்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கவனித்தும் சொல்லாமல் விட்டிருந்தால், அதை அன்பு என்று நான் எடுக்கமாட்டேன்.

நேராகச் சொல்வது வேறு, பிரசங்கம் வேறு. அத்தான் 83 இனக்கலவரத்தில் தொடங்கி அரை மணித்தியாலம் பேசினார். பிளேன்டீ ஆறிப்போனது, சில்லு மாறவில்லை.

இன்னொன்று, எனக்கு இன்றும் வெட்கமாக இருப்பது. படத்திலேயே கண்ணாக இருந்து அவன் செய்த நல்ல வேலையை நான் பார்க்கவே இல்லை. ஓடுகிறவன் சுவரின் விளிம்பைத் தாண்டிய பிறகும் வினாடியில் பத்திலொரு பங்கு நேரம் குதிக்க முடியும். அது இல்லாவிட்டால் 'நான் அமத்தினேன், அது குதிக்கவில்லை' என்று விளையாடுகிறவர் எரிச்சல்படுவார். அதற்காக இரண்டு இரவு முழித்திருக்கிறான். "நல்லா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லாமல், இந்தக் குதிப்பைக் குறிப்பிட்டுச் சொன்ன அன்றுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அப்புறம், மவுஸைப் பறித்து நாமே வரைந்து காட்டுவது. வேண்டாம், அவ்வளவுதான்.

போன ஞாயிறு புதிய பதிப்பைக் கொண்டுவந்தான். சில்லுகள் இருந்த இடத்தில் இஸ்ஸோ வடை, அதுதான் இறால் வடை. மிதிப்பதில்லை, சாப்பிடுகிறான். கள்ளன் இப்போது பதுங்கி நடக்கிறான். கண்ணாடி, ரை, கொஞ்சம் தொந்தி, கையில் ஒஃபிஸ் பை.

"யாரைப் பார்த்து வரைஞ்சனி?" என்று கேட்டேன். அத்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.