நாய்க் காதில் புல் விதை: எதை நாமே எடுக்கலாம், எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

மழைக்காலம் முடிந்து தை பிறக்கும்போது வடசென்னையில் புல் காயத் தொடங்கிவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்த மழையில் தளதளவென்று வளர்ந்ததெல்லாம் கொருக்குப்பேட்டை தண்டவாள ஓரத்திலும், மணலிப் பக்கத்துக் காலி மனைகளிலும், பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் கதிர் முற்றி நிற்கும். நமக்கு அது பேன்ட் கால்மடிப்பில் ஒட்டிக்கொண்டு வருகிற சின்னத் தொல்லை. நாய் அப்படியா நடக்கிறது? மூக்கைத் தரையில் வைத்து, புதருக்குள் தலையை விட்டு, போதாததற்கு நடுவில் ஒரு உருளலும் உருண்டுவிட்டுத்தான் வரும். காது, கண், மூக்கு, விரலிடுக்கு என்று எங்கு வேண்டுமானாலும் விதை ஏறிக்கொள்ளும்.

புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மொத்த விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்ணுக்குத் தெரிகிற விதையை எடுங்கள். தெரியாத விதையைத் தேடிப் போகாதீர்கள். வலிக்கிற காதுக்குள் எதையும் ஊற்றாதீர்கள். இனி வருவதெல்லாம் இதை எப்படிச் செய்வது, ஏன் செய்வது என்பதுதான்.

விதை ஏன் தானாக வெளியே வராது?

அடுத்த முறை துணியில் ஒட்டுப்புல் விதை ஒட்டினால் உதறிவிடாமல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனை ஊசியாக இருக்கும். அந்த முனையிலிருந்து பின்பக்கமாக விரலால் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கமாகத் தடவினால் சொரசொரவென்று விரலில் மாட்டும். மேலே இருக்கிற நுண்ணிய முட்கள் எல்லாம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதுதான் காரணம். அதனால் நாய் தலையை உதற உதற, காலால் சொறியச் சொறிய, விதை முன்னால்தான் நகரும். பின்னால் வர வழியில்லை. வேலியோரத்து நாயுருவி விதையும் இப்படித்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது பெரும்பாலும் ரோமத்தோடு நின்றுவிடும். மெலிந்து நீண்ட புல் விதைதான் துளைக்குள் போகிற ரகம்.

நாயின் காதுத் துளையும் நம்முடையது போல நேராக உள்ளே போவதில்லை. ‘ட’ எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கீழ்நோக்கி இறங்கி, அப்புறம் தலைக்குள் பக்கவாட்டில் திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு அப்பால்தான் செவிப்பறை இருக்கிறது. டார்ச் அடித்தால் நமக்குத் தெரிவது இறங்குகிற பாதையின் தொடக்கம் மட்டும். திருப்பத்தைத் தாண்டிய விதையை வீட்டில் இருந்தபடி யாராலும் பார்க்க முடியாது. செவிப்பறையைக் குத்திக் கிழிக்கவும் அதற்கு முடியும்.

காது தொங்குகிற லாப்ரடாருக்கும் காக்கர் ஸ்பேனியலுக்கும்தான் இந்தப் பிரச்சினை என்று சிலர் நினைக்கிறார்கள். தொங்கு காதுக்குள் காற்றோட்டம் குறைவு, ஈரம் தங்கும், அது உண்மை. ஆனால் விறைத்த காதுள்ள நம் தெரு நாய்க்குக் காதுவாய் எப்போதும் திறந்தே இருக்கிறது. விதைக்கு அது போதும்.

படி 1: வேண்டிய பொருட்கள்

நல்ல டார்ச் (செல்போன் வெளிச்சமே போதும்), முனை மழுங்கிய ட்வீசர், நெருக்கமான பல் உள்ள சீப்பு, பஞ்சு அல்லது காஸ் துணி, நாய்க்குப் பிடித்த தின்பண்டம். காது சுத்தம் செய்யும் திரவம் வேண்டுமென்றால் உங்கள் கால்நடை டாக்டர் சொல்வதை மட்டும் வாங்குங்கள். பட்ஸ் இந்தப் பட்டியலில் இல்லை. அது குறும்பியையும் விதையையும் சேர்த்து உள்ளே தள்ளும்.

படி 2: காதைத் தொடப் பழக்குதல்

வலி வந்த பிறகு பழக்க முடியாது. இப்போதே, நாய் சும்மா படுத்திருக்கும்போது, காது மடலைத் தொட்டு ஒரு துண்டு பிஸ்கட் கொடுங்கள். மறுநாள் மடலைத் திருப்பிப் பாருங்கள், இன்னொரு துண்டு. அப்புறம் டார்ச். சில நாட்களில் டார்ச்சைப் பார்த்தாலே வந்து உட்கார்ந்துவிடும். நாயை அமுக்கிப் பிடித்துக்கொண்டு செய்தால் ஒரு தடவை நடக்கும், அடுத்த தடவை கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

படி 3: வாக்கிங் முடிந்ததும் ஒரு சோதனை

இதுதான் உண்மையான வைத்தியம். மற்றதெல்லாம் இதைத் தவறவிட்டதற்கான பரிகாரம். வீட்டுக்குள் விடுவதற்கு முன் வாசலிலேயே செய்துவிடுங்கள்.

முதலில் இரண்டு காது மடலின் உள்பக்கம், பிறகு காதுவாயைச் சுற்றியுள்ள ரோமம். அடுத்து கால்விரல் இடுக்குகள்: ஒவ்வொரு விரலாகப் பிரித்து, மேலேயும் கீழேயும் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, வாலடி. கண்ணிமை ஓரத்தை ஒரு பார்வை. ஷிட்ஸு, பொமரேனியன் மாதிரி ரோமம் நிறைந்த நாய் என்றால் சீப்பு போட்டே ஆகவேண்டும். குட்டை ரோமமுள்ள ராஜபாளையம், சிப்பிப்பாறைக்குக் கையால் தடவினாலே தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையில் விதையைவிட அதிகமாகக் கையில் சிக்கப்போவது உண்ணிதான். நம் ஊர் வெக்கைக்கு அது வருஷம் முழுக்க இருக்கும். காது மடலின் மடிப்பும் விரலிடுக்கும் அதற்குப் பிடித்த இடங்கள். தோலை ஒட்டி ட்வீசரால் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்து எடுங்கள். உண்ணி மூலம் ரத்தத்தைத் தாக்கும் காய்ச்சல் வரலாம். நாய் சோர்ந்து, சாப்பிடாமல் கிடந்தால் அதைத் தனியாக டாக்டரிடம் சொல்ல வேண்டும். உண்ணிப் பவுடரைக் காதுக்குள் தூவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

படி 4: விதை கண்ணுக்குத் தெரிந்தால்

மடலிலோ ரோமத்திலோ காதுவாய் விளிம்பிலோ விதை முழுதாகத் தெரிந்தால் நீங்களே எடுக்கலாம். ஒருவர் நாயின் தலையை மார்போடு அணைத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் விதையின் வால்முனையை ட்வீசரால் கெட்டியாகப் பிடித்து, அது நுழைந்த திசைக்கு நேர் எதிராக மெதுவாக இழுக்க வேண்டும். திருகக் கூடாது. எடுத்த விதையைப் பாருங்கள், ஊசிமுனை முழுசாக இருக்கிறதா என்று. முனை உடைந்து உள்ளே தங்கியிருந்தாலோ, விதையின் பாதி துளைக்குள் போயிருந்தாலோ அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாய் திமிறி ஒரு முறை தலையை ஆட்டினால் ட்வீசரே செவிப்பறையைக் கிழித்துவிடும்.

வலியில் இருக்கிற நாய், சோறு போடுகிற கையையும் கடிக்கும். கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 5: ஒரு காதா, இரண்டு காதா?

நாய் காதைச் சொறிகிறது என்று தெரிந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

காலையில் நன்றாக இருந்த நாய், வெளியே போய் வந்ததும் திடீரென்று வேகமாகத் தலையை உதறுகிறது, ஒரே காதைக் காலால் பறிக்கிறது, அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது, தொட்டால் கத்துகிறது என்றால், உள்ளே ஏதோ போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விதையாகவே இருக்க வேண்டியதில்லை, உண்ணியோ பூச்சியோகூட இருக்கலாம். எதுவானாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். ஓரிரு நாளில் உதறல் குறைந்தால் சரியாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். விதை உள்ளேயே இருக்க, நாய் வலிக்குப் பழகிப்போவதும் உண்டு. அப்புறம் ஒரு நாள் சீழோடும் நாற்றத்தோடும் திரும்பி வரும்.

இரண்டு காதும் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக, பல நாட்களாகச் சிவந்து அரிக்கிறது என்றால் கதை வேறு. பழுப்புநிற அழுக்கும் புளித்த வாடையும் இருந்தால் பெரும்பாலும் ஈஸ்ட் தொற்று. கடற்கரை ஊரின் ஈரப்பதம் அதற்குக் கொண்டாட்டம். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் நாயைக் கடலில் குளிக்க விட்டுவிட்டுக் காதைத் துடைக்காமல் விடுவதும் இதற்கு ஒரு வழி. குட்டி நாயின் காதில் கறுப்பாகப் பொடிப்பொடியாக இருந்தால் காதுச் சிற்றுண்ணி இருக்கலாம். அது வீட்டில் உள்ள மற்ற நாய், பூனைக்கும் பரவும். திரும்பத் திரும்ப இரண்டு காதும் கெட்டால் பின்னால் தோல் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு அதிகம். காதுக்கு மட்டும் மருந்து விட்டுக்கொண்டிருந்தால் அது தீராது.

மூன்று அறிகுறிகளுக்கு நாளை வரை காத்திருக்காதீர்கள். நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவது அல்லது வட்டமடிப்பது, கண்மணி இடமும் வலமுமாகத் துடிப்பது, காது மடல் பலூன் போல வீங்குவது. முதல் இரண்டும் பாதிப்பு உட்காது வரை போயிருக்கலாம் என்பதன் அடையாளம். மூன்றாவது, உதறிய வேகத்தில் மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் தேங்கியிருப்பது. ஊசியால் குத்தி எடுக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

படி 6: டாக்டரைப் பார்க்கும்வரை

“ரெண்டு சொட்டு நல்லெண்ணெய காய்ச்சி ஊத்துக்கா, தானா வெளிய வந்துடும்” என்று தெருவில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். எண்ணெய், மஞ்சள் தண்ணீர், வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. கிழிந்திருந்தால், ஊற்றியது நடுக்காதுக்குள் போகும். போன வருஷம் வாங்கிய சொட்டு மருந்தும் அப்படித்தான், அதில் உள்ள சில மருந்துகள் நடுக்காதுக்குள் இறங்கினால் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். காதைத் துடைத்துச் சுத்தமாகக் கூட்டிப்போக வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். அந்த அழுக்கைத்தான் டாக்டர் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்.

வலிக்கிறதே என்று நம் வீட்டு பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும்.

படி 7: மருத்துவமனையில்

வடசென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கைக்கெட்டும் தூரம். 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. கூட்டம் இருக்கும், சீக்கிரமே போய்விடுவது நல்லது. பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குப் போவதென்றால், காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப்பும் மயக்க மருந்து கொடுக்கும் வசதியும் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். வெறும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொட்டு மருந்து எழுதினால், “செவிப்பறை நல்லா இருக்கா சார்?” என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

திருப்பத்தைத் தாண்டிய விதையை நீளமான மெல்லிய இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். பல நாய்களுக்கு அதற்கு மயக்கம் தேவைப்படும். அதனால் கிளம்பும் முன் சாப்பாடு கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் காது, எப்போது தொடங்கியது, எங்கே வாக்கிங் போனது, வீட்டில் ஏதாவது ஊற்றினீர்களா என்று நான்கையும் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் கூச்சப்பட்டு மறைத்துவிடுகிறார்கள்.

ஒரு காதில் விதை கிடைத்தால் இன்னொரு காதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே காதில் இரண்டு விதைகள் இருப்பதும் உண்டு.

படி 8: மருந்து விடுவதும் சுத்தம் செய்வதும்

மடலை மேலே தூக்கிப் பிடித்தால் துளை ஓரளவு நேராகும். டாக்டர் சொன்ன அளவு மருந்தை விட்டு, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்டால் மருந்து சரியாக இறங்குகிறது என்று அர்த்தம். பாட்டில் முனை காதில் படக் கூடாது. சுத்தம் செய்யும் திரவத்துக்கும் இதே முறைதான், கூடவே நாயைத் தலையை உதற விட்டு, வெளியே வந்த அழுக்கை விரலில் சுற்றிய பஞ்சால் விரல் போகும் ஆழம் வரைக்கும் மட்டும் துடையுங்கள். முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், தெறிக்கும்.

நாற்றம் போய்விட்டதென்று மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். சொன்ன நாள் வரை விட்டுவிட்டு, மறுபடி ஒரு முறை காட்டிவிடுங்கள்.

நோய் இல்லாத காதை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். இளஞ்சிவப்பாக, வாடையில்லாமல் இருந்தால் தொடவே வேண்டாம். அடிக்கடி கழுவினால் ஈரம் தங்கி, இல்லாத நோய் வந்து சேரும். குளிப்பாட்டிய அன்று மட்டும் மடலின் உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

புல் காய்கிற தை, மாசி மாதங்களில் வாக்கிங்கைக் காலி மனையிலிருந்து தெருப் பக்கமாக மாற்றிக்கொள்வதும், காதைச் சுற்றியும் விரலிடுக்கிலும் உள்ள ரோமத்தைக் கத்தரித்து வைப்பதும் பாதித் தொல்லையைக் குறைக்கும். விரலிடுக்கை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், அங்கே ஏறிய விதை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நாய் ஓயாமல் ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருக்கும், ஒரு சின்னக் கட்டி வரும், உடைந்து நீர் வடியும், ஆறும், மறுபடி வரும். அந்தக் கட்டிக்கு மேலே களிம்பு தடவிப் பயனில்லை. உள்ளே இருக்கிற விதையை டாக்டர் எடுத்தால்தான் ஆறும்.